இரத்த அழுத்தம்: அளப்பதும் அறிவதும்

நம் வீடுகளில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது "எனக்குப் பிரஷர் ஏத்தாதே" என்ற வார்த்தை கேட்கிறது. பிள்ளை படிக்கவில்லை என்றால் பிரஷர், கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் பிரஷர். இதனால் கோபக்காரருக்குத்தான் இரத்தக் கொதிப்பு வரும், அமைதியானவருக்கு வராது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கோபம் வரும்போது அழுத்தம் ஏறுவது உண்மை. சற்று நேரத்தில் அது இறங்கிவிடும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் இறங்காமல் நிற்கும் அழுத்தம்தான் நோய். அது சாதுவான மனிதரையும் பிடிக்கும்.

என் தங்கையின் கணவர் அப்படிப்பட்ட சாது. ரங்கத்தில் குடியிருக்கிறார். உரத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. அவரைப் பற்றிக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். இதை எழுதச் சொன்னவரும் அவர்தான். நான் டாக்டர் அல்ல. டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆனால் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பிரஷர் கேஜ்களோடு பழகியவன். மருந்து விஷயம் டாக்டருடையது. அளக்கும் விஷயத்தை மட்டும் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

இரண்டு எண்கள் எதற்கு?

இதயம் ஒரு பம்ப். நிமிஷத்துக்குச் சுமார் 70 தடவை, ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் உச்ச அழுத்தம் மேல் எண். இதற்கு சிஸ்டாலிக் என்று பெயர். அடுத்த துடிப்புக்கு முன் இதயம் தளர்ந்து நிரம்பும்போது குழாயில் மிஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண். இது டயஸ்டாலிக். 120/80 என்றால் இந்த இரண்டு எண்களுக்கு இடையே அழுத்தம் ஏறி இறங்குகிறது என்று பொருள்.

120 என்பது எதில்? மில்லிமீட்டர் பாதரசத்தில். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ரயில்களில் வாக்குவம் பிரேக் இருந்தது. அதன் கேஜும் பாதரச அளவில்தான் காட்டும். இஞ்சினில் 53 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அது உறிஞ்சும் பக்கம், இது தள்ளும் பக்கம், அளவுகோல் ஒன்றுதான். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. ஆகவே 120 மில்லிமீட்டர் பாதரசம் என்பது ஏறக்குறைய 1.63 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். நம் உடம்புக்குள் ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றக்கூடிய அழுத்தம் இரவும் பகலும் வேலை செய்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

குழாய்க்குத் தாங்கும் அளவு உண்டு. தொடர்ந்து அதிக அழுத்தத்தில் ஓடும் பைப் லைனில் முதலில் பாதிக்கப்படுவது எது? மெல்லிய கிளைக் குழாய்களும் பம்பும். உடம்பிலும் அதேதான். மூளை, கண், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழாய்கள் கெடுகின்றன. இதயத் தசை தடித்துப் பிறகு சோர்கிறது. இவ்வளவும் நடக்கும்போது பெரும்பாலோருக்கு வலியோ தலைசுற்றலோ இருப்பதில்லை. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்பது ஆதாரம் ஆகாது. அளந்து பார்ப்பதுதான் ஒரே வழி.

அளந்த வரலாறு

இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையின் இரத்தக் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இதய மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் வரை இரத்தம் ஏறி நின்றது. இதை 1733-ல் நூலாக வெளியிட்டார். மனிதரிடம் இந்த வித்தை செல்லுமா? 1896-ல் இத்தாலிய டாக்டர் ரிவா ரோச்சி, கையைச் சுற்றிக் காற்றுப் பட்டை கட்டி, பாதரசக் குழாயோடு இணைத்து, வெட்டாமல் குத்தாமல் அளக்க வழி செய்தார். ஆனால் நாடியைத் தொட்டுப் பார்த்த அந்த முறையில் மேல் எண்தான் கிடைத்தது. 1905-ல் ரஷ்ய டாக்டர் கொரோட்காவ் பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். காற்றை மெல்ல இறக்கும்போது முதல் "டொக்" சத்தம் கேட்கும் இடம் மேல் எண், சத்தம் அடங்கும் இடம் கீழ் எண். இன்றும் டாக்டர்கள் காதில் கேட்டு அளப்பது இந்த முறையில்தான்.

வீட்டில் வைத்திருக்கும் பேட்டரி மிஷின் சத்தம் கேட்பதில்லை. பட்டைக்குள் நாடி ஏற்படுத்தும் சிறு அதிர்வுகளைப் பிடித்து, அதிலிருந்து இரண்டு எண்களையும் கணக்கிடுகிறது. ஆகவேதான் கையை ஆட்டினாலும் பேசினாலும் அதன் கணக்கு பிசகும். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கும் பிசகலாம். அவர்கள் டாக்டரிடம் காது முறையில் ஒத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

தீவில் நமக்கு என்ன கவலை?

கடல் காற்று, புது மீன், இளநீர் என்று இருக்கும் நமக்கு ஊர்க்காரர்களின் நோய் வராது என்று பலர் நினைக்கிறார்கள். டாலிகஞ்சில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் கார் நிக்கோபாரில் நடத்திய ஆய்வு 2011-ல் வெளிவந்தது. அங்கே வாழும் நிக்கோபாரி மக்களில் வயது வந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரத்த அழுத்தம் அதிகமாக இருந்தது. தென்னந்தோப்பும் கடலும் சூழ வாழ்பவர்களுக்கே இந்த நிலை.

நாம் விட்டுவந்த தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பைப் பாருங்கள். பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு இரத்த அழுத்தம் அதிகம். அவர்களிலும் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் பேர்தான். அதாவது நோய் உள்ள நூறு பேரில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு எண் இறங்கவில்லை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கி, வீட்டு வாசலுக்கே போய் அளந்து மாத்திரை கொடுக்க ஆரம்பித்ததற்கு இப்படிப்பட்ட நிலைமைதான் காரணம்.

நமக்கு மேலும் ஒரு கஷ்டம் தூரம். மூளைக் குழாயில் அடைப்பு ஏற்பட்டுப் பக்கவாதம் வந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். டிக்லிபூரிலிருந்தோ ரங்கத்திலிருந்தோ ஜலசந்தியைத் தாண்டி, ஜாரவா காட்டுப் பாதையைக் கடந்து போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். ஹட்பே, கச்சால், கேம்பல்பே பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே வந்த பின் ஓடுவதைவிட வராமல் பார்ப்பது ஊர்க்காரர்களைவிட நமக்கு அதிக அவசியம்.

சரியாக அளக்கும் முறை

போன வருஷம் ஒரு முகாமில் நண்பர் ஒருவருக்கு 172/100 என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மேட்டுப் படிகளை ஏறிப்போன கையோடு, நின்றபடி, முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பட்டை கட்டி அளந்திருக்கிறார்கள். அன்று இரவு அவர் வீட்டில் யாரும் தூங்கவில்லை. மறுநாள் காலை என் வீட்டில் முறைப்படி உட்காரவைத்து அளந்தால் 136/84. ஒரு வாரம் தொடர்ந்து அளந்து டாக்டரிடம் காட்டினார். நடைப்பயிற்சியும் உப்புக் குறைப்பும் போதும் என்று சொல்லிவிட்டார். கேஜ் எவ்வளவு நல்லதானாலும், பார்க்கும் முறை தவறானால் எண்ணும் தவறுதான். முறை இதோ:

1. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் டீ, காபி, பீடி, சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை எதுவும் கூடாது. வேகமாக நடந்து வந்த கையோடும் அளக்கக் கூடாது.

2. சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் எண் ஏறும்.

3. முதுகு சாயும் நாற்காலியில், பாதங்கள் இரண்டும் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். டி.வி. சீரியல் பார்த்துக்கொண்டு உட்காருவது ஓய்வு ஆகாது.

4. சட்டைக் கையை இறுக்கமாக மடித்துவிடாமல், கையை வெளியே எடுத்து, வெறும் தோலின் மேல் பட்டையைக் கட்டுங்கள். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கட்டும்.

5. கையை மேஜை மேல் வைத்துத் தளர்த்துங்கள். பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இது சாதாரண நீர்மட்டக் கணக்கு: கை இதயத்துக்கு 10 செ.மீ. கீழே தொங்கினால் எண் சுமார் 8 மில்லிமீட்டர் கூடும், 10 செ.மீ. மேலே இருந்தால் அதே அளவு குறையும். உண்மையில் 134 உள்ளவர் மடியில் கையை வைத்து 142 என்று பயந்துபோகலாம்.

6. அளக்கும்போது பேசக் கூடாது. பக்கத்தில் இருப்பவரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

7. ஒரு நிமிஷம் இடைவெளி விட்டு இரண்டு தடவை அளந்து, இரண்டையும் எழுதி வையுங்கள். முதல் தடவை அளக்கிறவர்கள் இரு கைகளிலும் அளந்து, எந்தக் கையில் அதிகமோ அந்தக் கையிலேயே பிறகு எப்போதும் அளக்க வேண்டும்.

8. மிஷின் 137 காட்டினால் 137 என்றே எழுதுங்கள். 135 என்றோ 140 என்றோ உருட்ட வேண்டாம். உருட்டி எழுதும் பழக்கத்தை ஒர்க்‌ஷாப்பில் பையன்களிடமிருந்து ஒழிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மிஷின் வாங்கும்போது மணிக்கட்டில் கட்டுவதைவிட மேல்கையில் கட்டுவதையே வாங்குங்கள். பட்டையின் அளவு முக்கியம். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் எண் பொய்யாக ஏறும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டை கட்டினால் பொய்யாக இறங்கும். பட்டையின் மேல் எத்தனை செ.மீ. கைச் சுற்றளவுக்கு என்று அச்சிட்டிருக்கும். தையல் டேப்பால் கையை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ரயில்வேயில் ஒவ்வொரு கேஜையும் குறித்த காலத்தில் சோதித்து, சோதித்த தேதியை அதன் மேலேயே எழுதி வைப்போம். வீட்டு மிஷினையும் வருஷத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் எடுத்துப் போய், அவருடைய கருவியோடு ஒத்துப் பார்த்துத் தேதி எழுதி ஒட்டுங்கள்.

எண்ணை எப்படி வாசிப்பது?

ஆஸ்பத்திரியில் வேறு வேறு நாட்களில் அளந்தும் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, இரண்டில் ஒன்று எட்டினாலும் அதிக இரத்த அழுத்தம் என்பது நம் நாட்டில் டாக்டர்கள் கொள்ளும் கணக்கு. வீட்டில் அமைதியாக அளக்கும்போது எண் சற்றுக் குறைவாகவே வரும் என்பதால், வீட்டுச் சராசரிக்கு எல்லை 135/85. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை டாக்டர் சொல்வார்.

ஒரே ஒரு எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சிலருக்கு வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே எண் ஏறும். வேறு சிலருக்கு ஆஸ்பத்திரியில் நன்றாக இருந்து வீட்டில் ஏறும். இது அதைவிட மோசம், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. ஆகவே ஏழு நாட்கள், காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு தடவை அளந்து எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கும் பலகாரத்துக்கும் முன்பு அளக்க வேண்டும். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரி எடுங்கள். அந்தச் சராசரிதான் உங்கள் எண். நோட்டை அப்படியே டாக்டரிடம் கொடுங்கள்.

"வயதோடு நூறைக் கூட்டினால் அதுதான் சரியான பிரஷர்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எழுபது வயதுக்காரருக்கு 170 சரி என்று ஆகிறது. இந்தப் பழைய கணக்கை மறந்துவிடுங்கள்.

இறக்கத்தில் நிற்கும் வண்டி

இப்போது என் மைத்துனர் விஷயம். ஐந்து வருஷத்துக்கு முன் அவருக்கு 164/98 என்று தெரிந்தது. டாக்டர் தினம் ஒரு மாத்திரை கொடுத்தார். மூன்று மாதத்தில் 126/80-க்கு வந்தது. சந்தோஷமாக எனக்குப் போன் செய்தார். "மச்சான், சரியாப் போச்சு" என்றார். "நல்ல ரீடிங்" என்றேன் நான். "மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கவில்லை. எத்தனையோ கேஜ்களைச் சந்தேகப்பட்டுச் சோதித்தவன், அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன். சரியாகிவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்று அவர் அந்த வாரமே நிறுத்திவிட்டிருக்கிறார். உடம்பு ஒன்றும் சொல்லவில்லை, அளப்பதையும் விட்டுவிட்டார். பதினொரு மாதம் கழித்து ஒரு காலை, டீ கிளாஸைத் தூக்க வலது கை எழவில்லை, வார்த்தை குழறியது. போர்ட் பிளேர் வந்து சேர்ந்தபோது பாதிப் பகல் போய்விட்டது. டாக்டர்கள் முடிந்ததைச் செய்தார்கள். இன்று கோல் ஊன்றி நடக்கிறார். பேரப்பிள்ளையின் பெயரைச் சொல்ல மூன்று தடவை முயல வேண்டியிருக்கிறது.

இறக்கமான லைனில் ஒரு வேகனைப் பிரேக் போட்டு நிறுத்தியிருக்கிறோம். வண்டி அசையாமல் நிற்கிறது. "வண்டிதான் நிற்கிறதே, பிரேக் எதற்கு?" என்று யாராவது அதைக் கழற்றுவார்களா? 126/80 என்பது நோய் போய்விட்டது என்று சொல்லும் எண் அல்ல. மாத்திரை வேலை செய்கிறது என்று சொல்லும் எண். குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும். மாத்திரையால் கால் வீக்கமோ இருமலோ தலைசுற்றலோ வந்தால் சொல்லுங்கள். வேறு மாத்திரை மாற்றித் தருவார்கள். முழங்கால் வலிக்கு நாமாக வாங்கிப் போடும் மாத்திரைகளில் பல அழுத்தத்தை ஏற்றுபவை என்பதால் அதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

மாத்திரையோடு கூடச் செய்ய வேண்டியவையும் உண்டு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் போடுவது மட்டும் கணக்கல்ல. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வரவழைக்கும் கருவாடு, ஊறுகாய், அப்பளம், வற்றல் எல்லாம் உப்பு மூட்டைகள். புது மீன் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு தினம் கருவாடு எதற்கு? வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் விறுவிறு நடை, எடைக் குறைப்பு, புகையிலையையும் மதுவையும் விடுவது ஆகியவை எல்லாம் எண்ணில் தெரியும்.

தீவுவாசிகள் கவனிக்க

சென்னைக் கப்பலில் மூன்று நாள் ஆகும். வானிலை கெட்டால் அதற்கு மேலும் ஆகும். மாத்திரையைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் கைப்பையில் வையுங்கள். பயண நாட்களுக்கு மேல் பத்து நாள் மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். தள்ளித் தீவுகளில் இருப்பவர்கள் கடைசி அட்டையைப் பிரிக்கும்போது அல்ல, அதற்கு முந்தின அட்டையைப் பிரிக்கும்போதே அடுத்த மாதத்துக்குச் சொல்லி வையுங்கள். முப்பது வயது தாண்டிய எல்லோரும், ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், அருகில் உள்ள சுகாதார நிலையத்தில் ஒரு முறை அளந்து பாருங்கள்.

எண் 180/120-ஐத் தொட்டால் பதறாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து மறுபடி அளக்கவும். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கடும் தலைவலி, பார்வை மங்கல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தொய்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், மிஷினைத் தேடிக்கொண்டிருக்காமல், "கொஞ்சம் படுத்தால் சரியாகும்" என்று சொல்லாமல், கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். எப்போது ஆரம்பித்தது என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி.

போன மாதம் ரங்கத் போயிருந்தேன். மைத்துனர் இடது கையால் ஒரு நோட்டை நீட்டினார். காலை, மாலை, தேதி, இரண்டு எண்கள். கடைசிக் கட்டத்தில் மாத்திரை போட்டதற்கு ஒரு டிக். இடது கை எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது. ஒரு நாள்கூட விடுபடவில்லை. "இதைச் சங்கத்துல எல்லாருக்கும் சொல்லுங்க, மச்சான்" என்றார். சொல்லிவிட்டேன். இன்று உங்கள் வீட்டில் யாராவது நல்ல ரீடிங் என்று சொன்னால், அவருக்காக அந்த இரண்டாவது கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.